கட்டைவிரல் தடிமன்

தம்பி,

சோறு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு. வீட்டுச் சாவி செருப்பு அலமாரி மேல். கார் ஷெட் சாவி என்னிடம் இருக்கிறது, தேடாதே.

நேற்று உன்னைத் திட்டியதில் மனசே சரியில்லை. அப்பாவின் பழைய காரில், கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணுகிற ஹேண்டிலைச் செருகி வைத்தது நீதான், விஷயம் தெரிந்து குத்திக் காட்டுகிறாய் என்று நினைத்தேன். அதைப் பிடுங்கி என் பீரோவில் பூட்டினேன். இன்று காலை பீரோ பூட்டியபடியே இருக்கிறது. ஹேண்டில் காரின் மூக்கில் இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், யாரோ இப்போதுதான் கையை எடுத்தது மாதிரி வெதுவெதுப்பு.

நீ இல்லை. மன்னித்துக்கொள்.

இதுவரை சொல்லாததையும் எழுதிவிடுகிறேன். அந்தக் காருக்கு பேட்டரி கேபிள் வாங்க அப்பா என்னைத்தான் அனுப்பினார். "இது ஆறு வோல்ட்டுடி, கரண்ட் நிறைய இழுக்கும், கட்டைவிரல் தடிமன் இருக்கணும்" என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் கடையில் கிடைத்த மெல்லிய கேபிளை வாங்கி வந்தேன். எல்லாம் செம்புதானே என்ற அலட்சியம். ஸ்டார்ட்டர் முனகியதே தவிர சுற்றவில்லை. அதனால்தான் அன்று அவர் ஹேண்டிலைப் பிடித்துச் சுற்றினார். சுற்றிக்கொண்டே சரிந்தார், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

சாயங்காலத்துக்குள் வந்துவிடுவேன்.

அக்கா

பி.கு.: ஷெட்டில் சுற்றுகிற சத்தம் கேட்டால் உள்ளே எட்டிப் பார்க்காதே. வாசலில் நின்றே சொல்: "அப்பா, விட்டுடுங்க. அக்கா தடிச்ச கேபிள் வாங்கத்தான் போயிருக்கா."