காதால் படிக்கிறேன்

லாஸ்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு மகள் சிந்துஜாவுக்கு அம்மாவின் ஆசிகள். நானும் அப்பாவும் சௌக்கியம்தான், என் கண்ணை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. பிரான்சில் குளிர் விட்டதா, மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா. நான் வாயால் சொல்லச் சொல்ல இதை போன்தான் எழுதுகிறது, கமாவும் புள்ளியும் இடம் மாறியிருந்தால் அதைத் திட்டு, என்னைத் திட்டாதே.

கண்ணு இப்படி ஆனப்புறம் அந்த ஆன்லைன் காலேஜ் எதுக்கும்மா, விட்டுடு என்றாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். விட மாட்டேன். சர்க்கரையால் போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், சேதராப்பட்டு கம்பெனியில் லேபிள் பார்த்துப் பெட்டி கட்டும் வேலை எத்தனை நாளைக்கோ தெரியாது, அதன் பிறகு மூலையில் உட்கார எனக்கு இஷ்டமில்லை. நீ போனில் போட்டுக் கொடுத்த வாசிக்கும் குரல்தான் இப்போது என் வாத்தியார். கம்பெனி பஸ்ஸில் ஏறினால் சமூகவியல், இறங்கினால் வரலாறு. இந்த வயசுல டிகிரி வாங்கி எந்தச் சுவத்துல மாட்டப் போற என்று அப்பா கேலி செய்கிறார், ஆனால் மறக்காமல் என் இயர்போனைச் சார்ஜில் போடுவதும் அவர்தான்.

ஒரு கூத்து நடந்தது கேள். அந்தக் குரல் பக்கத்தின் அடியில் இருக்கும் அலகு எண், பக்க எண்ணையும் விடாமல் வாசிக்கும் என்று எனக்குத் தெரியாது. நான்தான் பள்ளிக்கூட நாளிலிருந்தே மனப்பாடக்காரி ஆயிற்றே, கேட்டதை அப்படியே உருப்போட்டு, குடும்பம் என்பது சமூகத்தின் அலகு மூன்று பக்கம் நாற்பத்தொன்று அடிப்படை அமைப்பாகும் என்று கட்டுரையில் எழுதி அனுப்பிவிட்டேன். காப்பி அடித்தது என்று பூஜ்யம் போட்டுவிட்டார் புருஷோத்தமன் சார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுநாள் வகுப்பில் மைக்கைத் திறந்து அந்தக் குரலை எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். சாரே சிரித்துவிட்டு, திரும்ப எழுதி அனுப்பச் சொன்னார்.

ஆனால் தேர்வில் காதில் எதுவும் மாட்டக்கூடாது என்றார்கள், விதியாம். கண்ணாடி போட்டவங்களைக் கழட்டிட்டு எழுதச் சொல்றீங்களா சார் என்று கேட்டேன். அலுவலகத்துக்கு எழுதினேன், எழுதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் இறங்கி வந்தார்கள். காதில் மாட்டாமல் ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டால் போன் வழியே பார்க்கும் கண்காணிப்பாளரும் கேட்பார், சரி என்றார்கள். போனிலேயே தேர்வு, அது கேள்வி வாசிக்க நான் விடையைத் தொட வேண்டும். இதைத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும், அதுவரை இந்தக் கண்ணில் மிச்சம் இருப்பதும் இருக்குமோ என்னவோ. அதுதான் எனக்குப் பயம், வேறொன்றும் இல்லை.

மாதிரித் தேர்வின்போது உன் சுலோசனா அத்தை நண்டு வந்திருக்கிறது வாங்கட்டுமா என்று அழைத்து, குரலும் நின்று தேர்வும் மூடிக்கொண்டது. அவளிடம் சொல்லிவிட்டேன். தேர்வன்று குக்கர் வைக்கக்கூடாது என்று அப்பாவிடமும் சொல்லியாயிற்று.

நீயும் மாப்பிள்ளையும் நூறாண்டு நன்றாக இருங்கள், வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே, வரும் சனிக்கிழமைதான் தேர்வு. சனிதோறும் நீ எழுந்ததும் போனில் அம்மா என்று அழைக்கும் அதே நேரம். வாரம் முழுக்க அந்த அழைப்புக்காகத்தான் காத்திருப்பேன், இருந்தாலும் அன்று அழைக்காதே.

உன் அம்மா,
கமலவேணி
பி.ஏ. இரண்டாம் ஆண்டு