ஆகஸ்ட் ஆறு எடையுள்ள பிள்ளை

இன்று காலை உன் மகளைத் தொங்கு தராசில் போட்டு நிறுத்தேன். ஆறு புள்ளி எட்டு கிலோ. லேப்டாப்பில் அதை அடித்தால் கட்டத்தில் ஆகஸ்ட் ஆறு என்று விழுகிறது. பக்கத்துக் கட்டம் பச்சையாகிறது. பச்சை என்றால் பிள்ளை நலமாம். பாவி, இதைப் பார்க்க நீ இல்லையே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் நம் பிள்ளைக் காம்பராவுக்கு அந்த லேப்டாப் வந்த அன்றும் இதே கூத்துதான். ஜெர்மனியிலிருந்து யாரோ தானமாகக் கொடுத்த பழசு. நான் எட்டு புள்ளி மூன்று என்று அடிக்க, மார்ச் எட்டு என்று வந்தது. "எடையக் கேட்டா பொறந்தநாள் சொல்லுதுடி இது," என்று நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்புறம் எங்கேயோ உள்ளே போய் அதன் நாட்டை மாற்றினாய். "வேற நாட்டுப் பழக்கத்துல இருந்துச்சு. நம்ம ஊர்ப் பழக்கத்தச் சொல்லிக் குடுத்துட்டேன்," என்றாய். எங்கே போய் மாற்றினாய் என்று நான் பார்க்கவில்லை. என் இரண்டு கையிலும் அழுகிற பிள்ளைகள்.

எடையைச் சத்தமாகச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று தாய்மார் பயப்படுவார்கள். அதனால் நீ விரலில் காட்டுவாய், நான் அடிப்பேன். முதலில் கிலோவுக்கு விரல். பிறகு கையை இறுக்கி மூடுவாய், அதுதான் புள்ளி. மறுபடி விரல். ஒரு வார்த்தை பேசாமல் மொத்தப் பிள்ளைகளையும் நிறுத்து முடிப்போம். உனக்கே மகள் பிறந்து, அவளைத் தராசில் போட்டபோதும் நீ அப்படித்தான் காட்டினாய். உன் வீட்டுக்காரர் வாசலில் நின்று உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காய்ச்சல் என்று படுத்தாய், போய்விட்டாய். உன்னை அடக்கம் செய்த கொஞ்ச நாளில் லேப்டாப்பும் படுத்தது. ஹட்டன் டவுன் கடையில் கொடுத்துத் திருத்தினோம். உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டார்கள் போல. அது தன் பழைய நாட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. எந்தப் பிள்ளையின் எடையை அடித்தாலும் திகதி, எல்லாம் பச்சை. அந்தத் திகதியை எண்ணாக மாற்றிப் பார்த்தேன். நாற்பத்தையாயிரத்துக்கும் மேலே ஏதோ ஒன்று வந்தது, திகதிக்குப் பின்னால் அது நாட்களை எண்ணி வைத்திருக்குமோ என்னவோ. உன் மகள் அவ்வளவு கிலோ என்று நம்பித்தான் அது பச்சை காட்டுகிறது. உள்ளே போய்த் தேடலாம் என்றால் எழுத்தெல்லாம் ஜெர்மன்.

எனக்கு ஷீட் எதற்கு? தூக்கினாலே தெரிகிறதே. போன மாதம் ஏழுக்கு மேல் இருந்தாள். இந்த மாதம் இடுப்பில் வைத்தால் பாரமே இல்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைப் பார்க்கிறாள். யாரைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரியும், நான் என்ன செய்ய? பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேட்டுச் சுகாதாரக் கந்தோர் ஆபீசுக்குப் போன் செய்தேன். "உங்க ஷீட்ல அந்தப் புள்ள பச்சையில தானே மிஸ் இருக்கு? செவப்பு வந்தாத்தான் கடிதம் குடுக்க ஏலும்," என்றார்கள். உன் வீட்டுக்காரரிடம் சொன்னால், "கம்ப்யூட்டரே நல்லா இருக்குன்னு சொல்லுதே தங்கச்சி, பெறகு என்னா?" என்கிறார். அவரைத் திட்டவும் மனம் வரவில்லை. உன்னைக் கொண்டுபோன ஆஸ்பத்திரிக்கு மகளையும் தூக்கிக்கொண்டு போக அந்த மனுசனுக்குப் பயம்.

இன்று மத்தியானம் மறுபடி அடித்தேன். அழுதுகொண்டே அடித்ததில் விரல் வழுக்கிப் புள்ளிக்குப் பக்கத்துப் பொத்தானில் விழுந்தது. ஆறு, கமா, எட்டு. கட்டம் சிவந்தது. நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அந்த ஊரில் கமா வைப்பார்கள் போலிருக்கிறது, இவ்வளவுதானா? நீ போன பிறகு நிறுத்ததையெல்லாம் கமா போட்டுத் திரும்ப அடித்தேன். உன் மகளின் வரிசை முழுக்கச் சிவப்பு. ஒரு பிள்ளை சிவப்பில் இருப்பதைப் பார்த்துக் கடவுளைக் கும்பிட்டவள் இந்தத் தோட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உடனே கந்தோருக்கு அனுப்பினேன். கடிதம் தருகிறோம், நாளைக்கே கூட்டிப்போங்கள் என்றார்கள்.

அந்தியில் உன் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்க வந்தார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும் அண்ணே," என்றேன். "பச்சைன்னு தானே சொன்னீங்க?" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டு திரும்பினார். சிவந்த ஷீட்டைக் காட்டினேன், அதை அவர் பார்க்கவே இல்லை. அவருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியாமல் உன்னைப் போலவே கையைத் தூக்கினேன். ஆறு விரல் காட்டினேன். கையை மூடினேன்.

அடுத்து எட்டு காட்ட வேண்டும். கை திறக்கவில்லை. அவர் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார், அன்றைக்கு உன் கையைப் பார்த்த மாதிரி. பிறகு பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மொத பஸ்ஸு எத்தன மணிக்கு தங்கச்சி?" என்று கேட்டார்.

விடிந்தால் போகிறோம். நீ மூடிய கை இப்போது என்னிடம் இருக்கிறது. மிச்சத்தைக் காட்ட நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் அதை மூடியபடியே வைத்திருக்கிறேன்.