என் பேரில் ஒரு சொடுக்கு வண்டு

பிப்ரவரி 3

மியூசியத்தின் வண்டு அறையில் வெப்பக்குழாய் மறுபடி செத்துவிட்டது. கோட்டைக் கழற்றாமலே வேலை செய்தேன். விரல் விறைத்தால் வண்டைக் குத்துகிற ஊசி எங்கே நேராக நிற்கும்?

மத்தியானம் பல் டாக்டர் ஹன்சல்கா வந்தார். கையில் ஒரு பெட்டி, இன்னொரு கையில் பாலாடைக்கட்டி வைத்த கொலாச் ரொட்டி. இந்த ஊரில் பல் பிடுங்க அவர் ஒருவர்தான். வண்டு பிடிக்கிறவர்களோ தெருவுக்கு நாலு பேர். இவர் ரெண்டும் செய்வார், ரெண்டும் அவசரமாக. பிடித்த வண்டெல்லாம் புது இனம், புது இனம் என்று ஊரார் பேரையெல்லாம் வைத்தாயிற்று: பெண்டாட்டிக்கு ஒன்று, மச்சினிக்கு ஒன்று, வீட்டுப் பத்திரம் எழுதிய வக்கீலுக்கு ஒன்று, செத்துப்போன நாய்க்கு ஒன்று. அதில் ரெண்டு புது இனமே இல்லை, பழைய வண்டுதான் என்று நிரூபித்துக் கவிழ்த்தவள் நான். நாயும் போச்சு, மச்சினியும் போச்சு.

"இன்னும் ஒண்ணு வருது, பொஹ்தனா. சின்னதுதான். நாலு மில்லிமீட்டர்" என்றார்.

"உங்க வீட்டுல பேர் வைக்க இன்னும் ஆள் மிச்சம் இருக்கா, டாக்டர்?"

சிரித்தார். எதற்குச் சிரித்தார்? கொலாச் நன்றாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 20

டாக்டரின் கட்டுரை வந்துவிட்டது. சனியன்! என் பேரை வைத்திருக்கிறான் அந்த மனுஷன்!

பொஹ்தனே. லத்தீனில் 'பொஹ்தனாவுடையது'. மோரவா ஆற்று மணல்திட்டில், கல்லுக்கடியில் கிடைத்த சொடுக்கு வண்டு. மல்லாத்திப் போட்டால் டிக்கென்று துள்ளி எழுமே, அந்த ஜாதி. வர்ணனையைப் படித்துக் காட்டினாள் எங்கள் இவோனா. வண்டுகளை ஊசியில் ஏற்றி அடுக்கும் வேலை அவளுக்கு, வாய் மட்டும் மியூசிய இயக்குநர் வாய்.

"கேளுங்க மேடம். 'நிறம் மங்கிய பழுப்பு. பளபளப்பு கிடையாது. கழுத்து தடித்தது. உடலளவுக்குப் பொருந்தாத உரத்த ஓசை எழுப்பும்.' யாரைப் பாத்து எழுதினாரோ!"

"போடி, போய் வேலையைப் பாரு."

கடைசியில் ஒரு வரி: 'அயராத நேர்மைக்காக' என் பேராம். அயராத நேர்மை! எனக்கா ஐஸ் வைக்கிறாய்?

பிப்ரவரி 21

மூன்று தரம் படித்தேன். பிழை தேடத்தான்.

மார்ச் 6

வியாழக்கிழமை வண்டுக்காரர்கள் கூடும் மதுக்கடை. தன் பேரில் இனம் கிடைத்தவர், எல்லோருக்கும் ஒரு சுற்று பீர் வாங்க வேண்டும். இத்தனை வருஷம் அடுத்தவர் வாங்கியதைக் குடித்துவிட்டு வந்தவள், இன்றைக்கு என் கையால் வாங்கிக் கொடுத்தேன். "பொஹ்தனே வாழ்க!" என்று கோப்பையை முட்டினார்கள் தடியன்கள். பாதிப் பேருக்கு வண்டின் முன்பக்கம் எது, பின்பக்கம் எதென்றே தெரியாது.

இன்னொரு வழக்கமும் உண்டு. யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். தன் பேர் வைத்த இனத்தைத் தானே நோண்டக் கூடாது. பரிசு வந்த பொருளை உரசிப் பார்க்கிற மாதிரி அசிங்கம் அது.

வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது அந்தப் பேரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ரெண்டு தரம். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. முப்பது வருஷமாக எத்தனை பேருடைய வண்டுகளுக்குக் காவல் இருந்திருக்கிறேன்! ஒரு பேன், ஒரு உண்ணிக்குக்கூட எவனும் என் பேரை வைத்ததில்லை. சந்தோஷமாக இருக்கிறது. போதுமா? சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 2

ஹன்சல்கா மூலமாதிரியை எங்களிடம் ஒப்படைத்தார். இனத்துக்கே ஆதாரமான ஒற்றை வண்டு, சிவப்புச் சீட்டோடு. நான்தான் வாங்கி வைக்க வேண்டும். வைக்கிறவள் பார்க்காமல் வைப்பாளா?

பார்த்தேன். வெளித்தோற்றத்தில் ட்ரிஸ்டிஸ் என்ற பழைய வண்டுதான், அச்சு அசல். ட்ரிஸ்டிஸ் என்றால் சோகமானது. வித்தியாசம் ஒன்றே ஒன்று, ஆணுறுப்பின் நுனி. ட்ரிஸ்டிஸுக்குக் கூராக இருக்கும். இதற்குக் கரண்டி மாதிரி அகலம். கட்டுரை முழுக்க அந்தக் கரண்டியின் மேல்தான் நிற்கிறது.

அந்த உறுப்பை எப்படி வைத்திருக்கிறார் பாரேன்! பிசினில் போட்டு, மேலே கண்ணாடிச் சில்லை வைத்து அமுக்கியிருக்கிறார். பல் ஓட்டையை அடைக்கிற கை, அமுக்காமல் விடுமா? தலைமுடி கனம்கூட இல்லாத மென்மையான குழாய், ஐயா! அமுக்கினால் எதுதான் அகலமாகாது?

ஒருவேளை நிஜமாகவே அகலமோ?

பெட்டியை மூடிவிட்டேன்.

ஏப்ரல் 24

அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை. வேறு வேலை இருந்தது. (பொய்.)

மே 11

இதென்ன பிழைப்பு! அடுத்தவன் நாயைக் கவிழ்க்கும்போது கண் கூராகத்தான் இருந்தது. என் பேர் என்றதும் மட்டும் கண் மங்கிவிடுமா?

இவோனாவைக் கிளப்பிக்கொண்டு அதே மணல்திட்டுக்குப் போனேன். கொசு பிய்த்து எடுத்தது. பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியும் வெங்காயமும் தின்றுகொண்டே கல்லைப் புரட்டினோம். வண்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றும் உள்ளங்கையில் டிக் டிக்கென்று துள்ளியது.

"மேடம், பேசாம விட்டுடுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள்.

"எனக்குத் தெரியுமேடி."

"தெரிஞ்சுட்டுப் போகட்டும். நானா இருந்தா செயின்ல மாட்டிக் கழுத்துல போட்டுக்குவேன்."

மே 13

பிடித்த ஆண்களை அறுத்துப் பார்த்தாயிற்று. எல்லாவற்றுக்கும் கூர் நுனி. ஒன்றுக்குக்கூடக் கரண்டி இல்லை.

ஒன்றை எடுத்துப் பிசினில் போட்டேன். மேலே கண்ணாடிச் சில்லு. விரலால் ஒரு அமுக்கு.

கரண்டி!

அடப்பாவி மனுஷா. அடப்பாவி, அடப்பாவி. ஒரு சொட்டுப் பிசின்ல என்னை உண்டாக்கிட்டியேய்யா! நானும் அதை நம்பி ஊருக்கே பீர் வாங்கிக் கொடுத்தேனே. எனக்குத்தான் புத்தி எங்கே போச்சு?

மே 14

வியன்னா மியூசியத்திலிருந்து நான் கேட்டிருந்த ட்ரிஸ்டிஸின் பழைய மூலமாதிரியும் இரவலாக வந்து சேர்ந்தது. அதுவும் கூர்தான். முடிந்தது கதை.

மே 19

ஒன்று போதாதென்று கடைவாய்ப் பல் வேறு. ஹன்சல்காவை விட்டால் யார்? வாயைப் பிளந்துகொண்டு அவர் நாற்காலியில் கிடந்தேன். நான் பேச முடியாத நேரம் பார்த்து அவர் ஆரம்பித்தார்.

"மணல்திட்டுக்குப் போனீங்களாமே. இவோனா சொன்னா."

"ஆ."

"அமுக்கினதால வந்த அகலம்தானே?"

கண்ணை உருட்டி முறைத்தேன்.

"எனக்கும் லேசா சந்தேகம் இருந்துச்சு. பிசின் காஞ்சதுக்கு அப்புறம்தான் தோணுச்சு."

எழப் பார்த்தேன். தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "வாயை மூடாதீங்க! நான் வெச்ச பேரை ஒவ்வொண்ணா கவுத்துட்டே வர்றீங்க. உங்க பேரையே வெச்சா அதையாவது தொட மாட்டீங்கன்னு பாத்தேன்."

லஞ்சம்! துப்பட்டும் என்று கிண்ணத்தை நீட்டினார். துப்பினேன், பாதி அவர் வெள்ளைக் கோட்டில்.

"யோவ், என்னைக் கேடயமா பிடிக்கப் பாத்தியா? வெக்கமா இல்ல?"

"இருக்கு" என்றார். "ஆனா அந்த நேர்மைங்கிற வரியை ஐஸ் வைக்க எழுதல. அதை நிஜமாத்தான் எழுதினேன்."

நன்றாகத்தான் அடைத்திருக்கிறார். பல்லைச் சொல்கிறேன். அங்கேயாவது அமுக்கு உதவுகிறதே.

ஜூன் 8

எழுதி அனுப்பிவிட்டேன். ஒரே பக்கம், ரெண்டு படம். பொஹ்தனே என்பது தனி இனம் அல்ல, ட்ரிஸ்டிஸே. பத்திரிகை ஆசிரியர் கேட்கிறார், 'உங்கள் பேர் என்பதைக் கவனித்தீர்களா?'

குருடியா நான்?

அனுப்பிவிட்டு வந்து அழுதேன். நாலு மில்லிமீட்டர் பழுப்புப் பூச்சிக்கு இவ்வளவு கண்ணீர். தூ.

செப்டம்பர் 18

கட்டுரை அச்சாகி வந்தது. மதுக்கடையில் என்னைப் பார்த்ததும் எல்லாரும் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். பரிசை உரசிப் பார்த்தவள் ஆயிற்றே நான். ஹன்சல்கா மட்டும் எழுந்து வந்து ஒரு பீரை என் முன்னால் வைத்தார்.

"அன்னிக்கு வாங்கிக் கொடுத்த பீரைத் திருப்பிக் கேக்க மாட்டீங்களே?"

"கேப்பேன்" என்றேன்.

ஜனவரி 22

புது வருஷப் பட்டியல் வந்தது. வண்டுப் பேர்கள் எல்லாம் வரிசையாக. என்னைத் தேடினேன். கவிழ்ந்த பேரை அழிக்க மாட்டார்கள், ஜெயித்த பேருக்குக் கீழே பொடி எழுத்தில் போடுவார்கள். இருந்தேன்:

'பொஹ்தனே. பெயரிட்டவர் ஹன்சல்கா. ட்ரிஸ்டிஸுடன் சேர்த்தவர் பொஹ்தனா செத்லாச்கோவா.'

இனி இதை எவன் எந்த நாட்டில் எப்போது அச்சடித்தாலும் அந்த ஆளும் நானும் ஒரே வரியில்தான். இருநூறு வருஷம் போனாலும் பிரிக்க முடியாது. வண்டும் நானே, கவிழ்த்தவளும் நானே; பெண்டாட்டி பேருக்குக்கூடக் கிடைக்காத இடம். இதைப் போய் அவரிடம் சொல்வேனா? மாட்டேன். அவருக்குத் தலைகால் புரியாது.

அவரே போன் செய்தார். பட்டியலைப் பார்த்தேன் என்றார். அப்புறம், பனி உருகினதும் மணல்திட்டுக்கு வர்றீங்களா என்று கேட்டார்.

வருகிறேன் என்றேன். கண்ணாடிச் சில்லை வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன்.