நாற்காலி முதுகில் இரண்டு புறா

1951 மார்ச் 12, ஹாலே, கிழக்கு ஜெர்மனி
என் நாற்காலி வரைபடம் முடிந்தது. நேரான நாலு கால், வளைத்த ஒட்டுப்பலகை முதுகு, கூடுதலாக ஒரு கோடு கிடையாது. அலங்காரமே வேண்டாம் என்று சொல்லித்தந்த டெசாவின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தது இன்னும் கையை விட்டுப் போகவில்லை. தாளின் மூலையில் ‘வடிவமைத்தவர்’ என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். அது எங்கள் வடிவமைப்புப் பிரிவின் தலைவர் ஸ்ட்ரேலாவின் கையெழுத்துக்கு. நான் வரைவதை எல்லாம் அவர்தான் வடிவமைக்கிறார். பாவம், ஓய்வே இல்லை மனிதருக்கு. ஒரே ஒரு தாளிலாவது என் பெயர் இருந்தால் என்ன, குடியா முழுகிவிடும்?

மார்ச் 29
கட்சிப் பத்திரிகையில் வந்துவிட்டது: அலங்காரம் இல்லாத பொருள் மக்கள் விரோதி. ஸ்ட்ரேலாவ் என் வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.
“தோழர் லோசே, என்னம்மா இது, மொட்டையா நிக்குது! நம்ம மக்களோட பாரம்பரியம் எங்க?”
“மக்கள் உட்காரத்தான போறாங்க, தோழர்?”
“வாயக் குறைங்க. நாளைக்குள்ள பூவோ இலையோ ஏதாவது போடுங்க.”

மார்ச் 30
ஆத்திரத்தில், நக்கலுக்கு, முதுகுப்பலகை முழுக்கச் செதுக்குவதற்கு ஒரு கோதுமைக் கட்டு வரைந்தேன். அதற்கு ஒரு ரிப்பன். ரிப்பனுக்கு மேல் இரண்டு புறா. சாய்ந்தால் அலகு குத்தும். பார்த்ததும் உறைக்கும் என்று நினைத்தேன். மனிதர் கண் கலங்கிவிட்டார். “இதுதான்மா கலை! மத்த நாற்காலிக்கும் இதையே போடுங்க.” கையெழுத்தும் போட்டார், இத்தனை பெரிதாக. எனக்கு இது தேவைதானா?

1953 அக்டோபர் 6
இன்றும் புறா.

1954 பிப்ரவரி 9
புறா செதுக்க ஆள் இல்லை என்று தொழிற்சாலை மறுபடியும் கைவிரித்துவிட்டது. என் நாற்காலி இன்னும் ஒன்றுகூடப் பிறக்கவில்லை. அழுகையா வருது. நேரா நாலு கால், அவ்வளவுதானே கேட்டேன்?

1955 ஏப்ரல் 18
மாஸ்கோவில் காற்று திரும்பிவிட்டதாம். இப்போது அலங்காரம்தான் மக்கள் விரோதி. ஸ்ட்ரேலாவ் பேயறைந்த மாதிரி வந்து நின்றார்.
“இந்தப் புறாவ யாரு போட்டது?”
“நான்தான், தோழர். கையெழுத்து உங்களோடது.”
“சுரண்டுங்க! எல்லாத்தையும்!”
டிரேசிங் தாளில் காய்ந்த மசியைப் பிளேடால்தான் சுரண்ட வேண்டும். சுரண்டினேன். இவ்வளவு சந்தோஷமாக யாரும் புறாவைக் கொன்றிருக்க மாட்டார்கள். என் நேர்க்கோடுகள் அப்படியே வெளியே வந்தன.
போனவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “என் பேரையும் சுரண்டிடுங்க. நாளைக்கே மறுபடி புறா வேணும்பாங்க, யாரு மாட்டிக்கிறது? உங்க பேரையே போட்டுக்கங்க” என்றார்.
போட்டுக்கொண்டேன். மாட்டினால் மாட்டிக்கொள்கிறேன்.

நவம்பர் 3
முதல் நாற்காலி வந்தது. பெர்லினிலிருந்து வந்த அமைச்சக ஆள் அதில் உட்கார்ந்து பார்த்தார், சாய்ந்து பார்த்தார், எழுந்திருக்க மனமில்லை. “அருமையா இருக்கே! யாரு வடிவமைச்சது?”
ஸ்ட்ரேலாவ் நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தார். அதற்குள் அந்த ஆள் ஒருவழியாக எழுந்து, வரைபடத்தை விரித்து, மூலையை உரக்கப் படித்தார்: “இர்ம்ட்ராட் லோசே.”
திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.
என் நாற்காலியை இழுத்துப் போட்டேன். “உட்காருங்க, தோழர். இப்ப முதுகுல எதுவும் குத்தாது.”