பழச்சர்க்கரைக்கு ஊசி வேண்டாம் என்றவனுக்கு

நேற்று முதலாமாண்டு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு பெண் எழுதியிருந்தாள்: "பிரக்டோஸ் கல்லீரலுக்குள் நுழைய இன்சுலின் தேவையில்லை. ஆகவே சர்க்கரை நோயாளிகள் பழங்களை அச்சமின்றி உண்ணலாம்." முதல் வரிக்கு ஒரு மதிப்பெண் போட்டேன். இரண்டாம் வரியைத் தாள் கிழியும் அளவுக்குச் சிவப்பு மையால் அடித்தேன். பக்கத்து மேஜை விலங்கியல்காரர் என்ன சார் ஆச்சு என்றார். பழைய சிநேகிதன் ஒருவன் ஞாபகத்துக்கு வந்துவிட்டான் என்றேன்.

நீதான், வேறு யார். செத்தவர்களைப் பற்றி நல்லதாகப் பேச வேண்டும் என்பார்கள். உன் படத்துக்கு மாலை போட்டு மூன்று வருடமாகிறது, எனக்கு இன்னும் நல்லதாக ஒன்றும் வாயில் வரவில்லை. மழைக்கு ஒதுங்கிய இடத்தில் இடி விழுந்தவன், மாட்டு வண்டியில் அடிபட்டவன் என்று யார் யாரோ சாகிறார்கள், அவர்களுக்காக வருத்தப்படலாம். பத்து மதிப்பெண் கேள்விக்கு முழு விடை தெரிந்தவன், அந்த விடையாலேயே செத்தால் என்ன செய்வது? எரிச்சல்தான் வருகிறது.

உன் நோயைக் கண்டுபிடித்ததே நம் கல்லூரி ஆய்வகம்தான். மூன்றாம் வருடம், சிறுநீரில் சர்க்கரை பார்க்கும் பெனடிக்ட் சோதனை. நோயில்லாத ஆளின் மாதிரி ஒன்று வேண்டும் என்றார் பேராசிரியர். யாரும் கூச்சத்தில் எழவில்லை. நீ மட்டும் குடுவையை வாங்கிக்கொண்டு, நாட்டுக்கு ரத்தம் கொடுக்கப் போகிறவன் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனாய். சூடாக்கிய பிறகும் நீலமாகவே நிற்க வேண்டிய கரைசல் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் அடியில் படிந்தது. நீ விளையாட்டுக்குக் குளுக்கோஸ் கலந்துவிட்டாய் என்று நான்தான் முதலில் சத்தம் போட்டேன். பேராசிரியர் இரண்டாவது முறை செய்தார், மூன்றாவது முறை செய்தார், பிறகு உன்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுவாரம் நீ ஊசியும் மருந்துமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். "இனி வருஷா வருஷம் என் மூத்திரத்தை வச்சுத்தான் பாடம் நடத்துவாக மாப்ள" என்றாய். அன்று உன்னை எனக்குப் பிடித்திருந்தது.

வகுப்பில் முதல் மதிப்பெண் உனக்கு, இரண்டாவது எனக்கு. குளுக்கோஸ் உடைந்து ஆற்றலாகும் பத்துப் படிகளையும் நொதிகளின் பெயரோடு மூச்சுவிடாமல் ஒப்பிப்பாய். உன் நோட்டைப் பார்த்துத்தான் நான் தேறினேன். பிறகு உன் அப்பாவுக்கு இடுப்பு ஒடிந்தது, நீ கோம்பைக்குத் தெற்கே இருந்த உங்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் போனாய். நான் மேலே படித்தேன், கல்லூரியில் வேலை கிடைத்தது, தேனி அல்லிநகரத்தில் வீடு கட்டினேன். முதல் மாணவன் பந்தலுக்கு அடியில், இரண்டாம் மாணவன் கரும்பலகைக்கு முன்னால். அது உனக்கு உறுத்தியது என்று எனக்குத் தெரியும். எனக்கு உறுத்தவில்லை. கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

தோட்டத்தில் நீ பெரிய ஆள்தான், அதை மறுக்கவில்லை. பிரிக்ஸ் மீட்டரை முதலில் அந்தப் பக்கம் கொண்டுவந்தவன் நீ. ஒரு பழத்தை நசுக்கி அதன் கண்ணாடியில் ஒரு சொட்டு விடுவாய், குழலை வெயிலுக்கு நேரே தூக்கி ஒற்றைக் கண்ணால் பார்ப்பாய், சர்க்கரை எத்தனை என்று சொல்வாய். பதினெட்டு வராமல் கொத்தில் கத்தரி வைக்க விடமாட்டாய். கேரளத்து வியாபாரி மீட்டரைப் பார்ப்பதுகூட இல்லை, "சேட்டன் பறஞ்சா மதி", நீ சொன்னால் போதும் என்று பெட்டியைத் தூக்கிவிடுவார். காலையிலும் மாலையிலும் கொத்துக் கொத்தாகச் சர்க்கரை பார்த்தவன், உன் ரத்தத்தில் எவ்வளவு என்று மாதக்கணக்கில் பார்க்கவில்லை. அதற்கான கருவி உன் வீட்டு அலமாரியில் காது குடையும் குச்சிகளோடு கிடந்தது.

கண் மங்குகிறது என்று போனபோது டாக்டர் ஊசியின் அளவைக் கூட்டினார். உனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருபது வருடமாகக் குத்திக்கொள்கிறேன், இன்னும் கூட்டச் சொல்கிறாரே என்று ஊரெல்லாம் குறைப்பட்டாய். அந்த நேரம் பார்த்துத்தான் கெங்குவார்பட்டிப் பக்கம் ஒரு மாந்தோப்பில் இயற்கை வாழ்வு முகாம் போட்டார்கள். மருந்தெல்லாம் நஞ்சு, பழமே மருந்து என்று வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் பேசினார். அவரைக்கூட நான் மன்னிப்பேன், அவர் எட்டாம் வகுப்பு. நீ எழுந்து மைக்கை வாங்கினாய் பார், அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

அந்த வீடியோவை யாரோ எனக்கு அனுப்பினார்கள். வெள்ளைப் பலகையில் கல்லீரல் செல்லை வரைந்திருக்கிறாய், அழகாகவே வரைந்திருக்கிறாய். "நான் உயிர்வேதியியல் பட்டதாரி" என்று ஆரம்பிக்கிறாய். குளுக்கோஸ் தசைக்குள் போக இன்சுலின் கதவைத் திறக்க வேண்டும், பிரக்டோஸ் கல்லீரலுக்குள் போக அந்தக் கதவே தேவையில்லை, அதற்குத் தனி நொதி, தனி வழி, ஆகவே பழத்தை மட்டும் தின்கிறவனுக்கு ஊசி எதற்கு என்று கேட்கிறாய். தோப்பே கைதட்டுகிறது. நீ அந்தக் கைதட்டலுக்கு நின்று கொடுக்கிறாய், இருபது வருடமாகப் பாக்கி வைத்திருந்த வகுப்பை எடுத்து முடித்தவன் போல. பொய் சொல்லியிருந்தால் விட்டுவிடுவேன். நீ சொன்னதில் முக்கால்வாசி சரி, முடிவு மட்டும் மடத்தனம். அந்த மடத்தனத்துக்கு நம் பட்டத்தை வேறு சாட்சிக்கு இழுத்தாய்.

ஒரு சனிக்கிழமை உன் மனைவி எனக்குப் போன் செய்தாள். "அண்ணே, அவுக நேத்துலருந்து ஊசியை நிறுத்திட்டாக. நான் சொன்னா ஏசுறாக. நீங்க வந்து சொன்னாத்தான் கேப்பாக" என்றாள். மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

பன்னீர் திராட்சை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. பந்தலுக்குக் கீழே பெண்கள் கொத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள், கொட்டகையில் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. ரோட்டிலிருந்தே பழ வாசம் ஆளைத் தூக்கியது. நீ கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், சிரித்துக்கொண்டு வந்தாய். நான் இருந்த கொஞ்ச நேரத்தில் மூன்று செம்புத் தண்ணீர் குடித்தாய், இரண்டு முறை வேலி ஓரம் போய் வந்தாய். வெயில் என்று நினைத்தேன். உண்மையில் ஒன்றும் நினைக்கவில்லை, என்ன பேசி உன்னை மடக்கலாம் என்று சொற்களைத்தான் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

நீ மீட்டரை நீட்டினாய், பதினெட்டு என்றாய். "ஏலே, அதுல பாதி குளுக்கோஸ்டா" என்றேன். பாதிக்குத் தசை வேலை செய்தால் போதும், உழைக்கிற தசை ஊசியில்லாமலே சர்க்கரையை இழுக்கும் என்றாய். அதுவும் பாதி உண்மை. பாதி உண்மைகளாகப் பொறுக்கிச் சேர்ப்பதில் உன்னை அடிக்க ஆள் கிடையாது. பந்தலுக்கு அடியில் நின்று நான் பாடம் எடுத்தேன். உள்ளே போன பிரக்டோஸை, இன்சுலின் இல்லாத கல்லீரல் குளுக்கோஸாக்கி மறுபடி ரத்தத்தில் கொட்டும். வாய்க்கால் முட்டத் தண்ணீர் ஓடினாலும் மடை அடைத்திருந்தால் வயல் காயத்தான் செய்யும். வயல் காய்ந்ததும் உடம்பு கொழுப்பைக் கரைக்க ஆரம்பிக்கும், அதை அடக்கி வைப்பதும் இன்சுலின்தான். கரைந்த கொழுப்பைக் கல்லீரல் எரித்து முடிக்க முடியாமல் கீட்டோன்களாக்கி வெளியே தள்ளும், ரத்தம் அமிலமாகும். இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது. இதே கேள்விக்கு நீ பத்துக்கு ஒன்பதரை வாங்கியவன்.

வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் கத்தரியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நீ அவர்களைப் பார்த்து, "சார் புத்தகத்துல வாழ்றாக. நான் இந்த ஒடம்புல வாழ்றேன்" என்றாய். அவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பிறகு நீ என் தோளில் கையைப் போட்டு, முகத்துக்குப் பக்கத்தில் வந்து, கோவிச்சுக்காத மாப்ள, நாற்பத்தெட்டு நாள் கழித்து வந்து பார் என்றாய். உன் மூச்சு மூக்கில் அடித்தது, கனிந்து பதம் தாண்டிய பழத்தின் வாசம். இவ்வளவையும் பேசிக்கொண்டே திராட்சையை மென்றிருக்கிறான் என்று எனக்கு இன்னும் எரிச்சல் ஏறியது. எக்கேடு கெட்டுப் போ என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தேன். வீடு வந்து சேரும் வரை, இன்னும் உறைக்கிற மாதிரி என்னென்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை காலை கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது உன் மனைவி மறுபடி கூப்பிட்டாள். விடியக்காலையிலிருந்து வாந்தி, மூச்சை இழுத்து இழுத்து விடுகிறாய், கேட்டால் உடம்பு சுத்தமாகிறது என்கிறாய் என்றாள். என்ன சாப்பிட்டான் என்று கேட்டேன்.

"சனிக்கெழம ராத்திரிக்குப் பெறகு ஒண்ணுமே தொடலண்ணே. வயித்தப் பெரட்டுதுன்னு தண்ணிதான் குடிச்சாக. ஆனா வாயில மட்டும் பழ வாசமா அடிக்குது."

ஞாயிற்றுக்கிழமை நீ திராட்சை தின்றிருக்கவில்லை. என் முகத்தில் அடித்தது அசிட்டோன். ரத்தத்தில் கீட்டோன் ஏறினால் மூச்சில் கனிந்த பழ வாசம் வரும் என்று பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான், தேர்வில் அதையே கேள்வியாகக் கேட்டவனும் நான். அந்த வாசத்தை ஒரு சாண் தூரத்தில் நின்று மோந்துவிட்டு, அறுப்புக் காலத்துத் தோட்டம் இப்படித்தான் மணக்கும் என்று வண்டியேறிப் போனேன். வேறு எந்த ஊர் வாத்தியாராக இருந்தாலும் திடுக்கிட்டிருப்பான். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்து, இந்த வாசத்திலேயே வளர்ந்தவனுக்கு அது நோயின் வாசமாகத் தோன்றவே இல்லை.

உடனே தூக்கிக்கொண்டு தேனிக்கு வரச் சொன்னேன். வாசலில் உன்னை இறக்கும்போது நான் ஆஸ்பத்திரியில் நின்றிருந்தேன். ஊசி போட்டார்கள், பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் இந்த ஆள் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பார் என்றார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய்விட்டாய். கைதட்டிய தோப்பிலிருந்து ஒருவரும் வரவில்லை. வெள்ளை வேட்டிக்காரர் மட்டும் போனில் இரங்கல் சொன்னார், கழிவுகள் வெளியேறும்போது சிலருக்கு இப்படி நேர்வதுண்டாம்.

கருமாதியன்று உன் மனைவி எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அண்ணன் வந்து தலதலையா அடிச்சுக்கிட்டாக. இவுகதான் கேக்கல." உன் சொந்தக்காரர்கள் என்னைக் கும்பிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து கோம்பையில் எனக்கு ஒரு பெயர் உண்டாகிவிட்டது. முகாமை நம்பாதே, தேனி சாரைக் கேள் என்கிறார்களாம். ரத்தச் சோதனைத் தாள்களை மடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறார்கள். நான் டாக்டர் இல்லை என்று சொல்லி, யாரிடம் போக வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறேன். போன மாதம் உன் மனைவியே பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிவந்தாள். தாளைப் பார்த்து, ஒருநாள்கூட ஊசியை விடக்கூடாது, வாயில் பழ வாசம் வந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றேன். அந்தப் பெண் பயந்துபோய் உன் மனைவியைப் பார்த்தாள்.

"அண்ணன் சொன்னா அப்படியே செய்யி. இவுகளுக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல" என்றாள் உன் மனைவி.

அப்போது சொல்லியிருக்கலாம். காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். உன்னை முட்டாள் என்று இன்னும் நூறு மடல் எழுதுவேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தலுக்குக் கீழே முட்டாள் நீ ஒருவன்தான் என்று உன் வீட்டில் நம்பிக்கொண்டிருக்கிறார்கள், நானும் நம்ப விட்டிருக்கிறேன்.