ஹாலரனோடு போன பதினோராம் சீட்

ஜனவரி 13, திங்கள்

தோற்றோம். தோற்போம் என்று தெரியும். இவ்வளவு கேவலமாகத் தோற்போம் என்று தெரியாது.

ரத்த அழுத்தம் ஏறும்போது கத்தாதே, எழுது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். எங்கள் பைலட்ஸ் ஃபுட்பால் அணியின் கோச் லாசிட்டர் ஒரு வடிகட்டின முட்டாள். நாலு நிமிடம் பாக்கி, மூன்று புள்ளி முன்னிலை, நாலாவதும் கடைசியுமான முயற்சி, இரண்டு கஜம் தேவை. அதுவும் எங்கள் சொந்தக் கோட்டுப் பக்கத்தில். டொலிடோவில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும், பந்தை உதைத்து எதிரணியைத் தூரத் தள்ள வேண்டும் என்று. லாசிட்டர் கையிலிருந்த கம்ப்யூட்டர் 'எறி' என்றதாம். ஹாலரன் எறிந்தான். பந்து தரையைக் கொத்தியது. அடுத்த மூன்றாவது நிமிடம் எதிரணி கோட்டைத் தாண்டி டச்டவுன். சீசன் முடிந்தது.

ஹாலரன் மட்டும் யோக்கியமா? பதினைந்து வருஷ குவார்ட்டர்பேக். முப்பத்தெட்டு வயது. அணியில் பந்தை எறிவது அவன் ஒருவன் வேலை, அதற்குத்தான் ஊரே அவனைத் தூக்கி வைத்து ஆடியது. இரண்டு கஜம் தள்ளி நிற்கிறவன் கைக்குப் பந்து போய்ச் சேரவில்லை. தோளில் வலு போய் மூன்று வருஷம் ஆயிற்று. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

பக்கத்து சீட்டில் கானி எழுந்து நின்று கைதட்டினாள். தோற்றவனுக்கு!

"எழுந்திரு ஜெரி. பதினஞ்சு வருஷம் உழைச்சவன் தலையைத் தொங்கப் போட்டுட்டுப் போறான்."

நான் எழுந்திருக்கவில்லை.

ஜனவரி 15, புதன்

பனி. காலை ஐந்து மணியிலிருந்து லாரியில் போய் ரோட்டில் பனி உருக உப்பு தூவினேன். வண்டியில் ரேடியோ. போன் பண்ணிப் பேசுகிற ஜென்மங்கள் அத்தனை பேருக்கும் ஒரு தீர்வு இருக்கிறது. ஒருவன் ஹாலரனை வைத்துக்கொண்டு கோச்சை விரட்டச் சொல்கிறான். இன்னொருவன் கோச்சை வைத்துக்கொண்டு ஹாலரனை விரட்டச் சொல்கிறான். மூன்றாவது ஒரு அம்மாள், இருவரையும் சர்ச்சுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்துப் பேச வேண்டுமாம். இவர்கள் எல்லோருக்கும் ஓட்டுரிமை வேறு இருக்கிறது.

ஜனவரி 19, ஞாயிறு

ஆட்டம் இல்லாத ஞாயிறு. என்ன செய்வது என்று தெரியவில்லை. பிரிட்ஜைத் துடைத்தேன்.

கானியும் நானும் பிரிந்து எட்டு வருஷம். வீடு, படகு, நாய் எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் பிரித்துக்கொண்டோம். பைலட்ஸ் அணியின் சீசன் டிக்கெட் இரண்டையும் பிரிக்க நாலு மாதம் ஆயிற்று. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. விடுகிறவன் மறுபடி வாங்க இருபது வருஷம் வரிசையில் நிற்க வேண்டும். கடைசியில் நீதிபதி அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு தீர்ப்பு எழுதினாள்: பதினோராம் சீட் அவளுக்கு, பன்னிரண்டு எனக்கு, கணக்கு மட்டும் பழையபடி என் பேரில். ஆக, விவாகரத்து ஆன பிறகும் சீசன் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

இந்த நோட்டை யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்: அவளும் என் பக்கத்தில் உட்காரத்தான் வருகிறாள். இல்லாவிட்டால் ஹாலரனுக்காகவா இந்தக் குளிரில் வருவாள்?

பிப்ரவரி 9, ஞாயிறு

பெரிய இறுதி ஆட்டம். வேறு இரண்டு அணிகள். பார்க்கவில்லை. பார்த்தேன். இரண்டு குவார்ட்டர்பேக்கும் இளசுகள்.

மார்ச் 12, புதன்

ஹாலரனை விட்டுவிட்டார்கள்! தெற்கே வெயில் ஊர் அணி ஒன்று எடுத்துக்கொண்டது. போகிற போக்கில் ஒரு வீடியோ: கண்ணைத் துடைக்கிறான், "டொலிடோ என் ரத்தத்தில்" என்கிறான். பின்னால் நீச்சல் குளம் தெரிகிறது.

ஜனவரியில் அவன் சட்டையை நடுத்தெருவில் எரித்த அதே கூட்டம் இன்று மைதானத்து வாசலில் பூ வைக்கிறது. வெட்கம் கெட்டவர்கள்.

மார்ச் 14, வெள்ளி

தவக்கால வெள்ளி. செயின்ட் ஹெட்விக் சர்ச் ஹாலில் வழக்கம்போல மீன் வறுவல். எங்கள் வரிசைக்குப் பின்வரிசைக்காரன் டாரில் பெட்டிஸ், கானி, நான், மூவரும் ஒரு மேஜை. டாரில் கத்தோலிக்கன் இல்லை; மீனுக்காக வருகிறான்.

கானி தட்டைத் தொடவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கம்ப்யூட்டர்காரன் செஞ்ச தப்புக்கு இவன் தலையா?" என்றாள். "நாலாவது முயற்சில எறியச் சொன்னது யாரு?"

"எறியச் சொன்னது அவன். ஆனா தரையில எறியச் சொல்லலையே" என்றேன்.

டாரில் வாய் நிறைய மீனோடு சிரித்தான். அவ்வளவுதான், அவளுக்கு ஏறிவிட்டது. எழுந்து நின்றாள். பாதிரியார் வரை திரும்பிப் பார்த்தார்.

"ஹாலரன் இல்லாத மைதானத்துல என் கால் படாது. என் சீட்டை எவனுக்காவது குடுத்துத் தொலைங்க!"

"எழுதித் தர்றியா?" என்றேன்.

மேஜைமேல் விரித்திருந்த காகிதத்தைக் கிழித்து எழுதினாள். 'பதினோராம் சீட் எனக்கு வேண்டாம். கான்ஸ்டன்ஸ் ஷிமான்ஸ்கி.' தேதியும் போட்டாள். எட்டு வருஷமாகியும் என் குடும்பப் பேரை விடவில்லை, மாற்றச் சோம்பேறித்தனமாம்.

"யோவ், பேப்பரைக் கீழ போடுய்யா" என்றான் டாரில். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

புதுப்பிக்க இந்த மாதம் முப்பத்தொன்று கடைசி. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். சீட் 12: தொடர்கிறேன். சீட் 11: விடுகிறேன். 'விட்டால் திரும்பப் பெற முடியாது, உறுதியா?' என்று கேட்டது. உறுதி.

எப்போதும் அவள் பேசுவாள், நான் பின்னாலேயே ஓடிச் சமாதானம் பண்ணுவேன். இந்தத் தடவை இல்லை. ஏப்ரலில் வந்து கெஞ்சட்டும். அப்போது பார்க்கலாம்.

மார்ச் 18, செவ்வாய்

கடிதம் வந்தது. பதினோராம் சீட் வரிசையில் இருந்த யாருக்கோ போய்விட்டது. இரண்டே நாளில்! இவ்வளவு சீக்கிரம் என்று யாரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கிற விழா. நாங்கள் புது குவார்ட்டர்பேக்கை எடுத்தோம். கேடன் மூர்ஹவுஸ், இருபத்திரண்டு வயது. மேடையில் கோச்சைக் கட்டிப்பிடித்தான், அம்மாவைக் கட்டிப்பிடித்தான், தொப்பி கொடுத்த பையனையும் கட்டிப்பிடித்தான். பந்தைப் பிடிப்பானா பார்ப்போம்.

கானி கெஞ்ச வரவில்லை. ஒரு போன்கூட இல்லை.

மே 15, வியாழன்

ஆட்டத் தேதிகளை நேற்று வெளியிட்டார்கள். இன்று போன் அடித்தது. கானி.

"ஜெரி, முதல் ஆட்டம் செப்டம்பர் பதினாலு, நம்ம ஊர்லயே. பார்க்கிங்ல சமைக்க அடுப்பு கொண்டு வர்றது யாரோட முறை? போன வருஷம் கடைசியா நீ கொண்டு வந்தே, அதனால இப்ப நான். கீல்பாசா சாசேஜ் நான் வாங்கிடறேன், நீ ரொட்டி மட்டும் கொண்டா."

ஒன்றுமே நடக்காத மாதிரி. சாசேஜ் பற்றி ஐந்து நிமிடம் பேசினாள். நான் "சரி" என்றேன்.

சரி என்றேன்! என்ன மனுஷன்டா நீ?

மே 16, வெள்ளி

டிக்கெட் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். ஒரு பெண், தேன் சொட்டுகிற குரல். "விட்ட சீட் விட்டதுதான் சார். வேணும்னா வரிசைல உங்க பேரைச் சேர்க்கட்டுமா? இப்ப சேர்ந்தா நாற்பத்தோராயிரத்து இருநூத்தி ஆறாவது ஆள்."

எனக்கு வயது அறுபத்தொன்று.

மே 18, ஞாயிறு

டாரிலிடம் சொன்னேன். கராஜில் புல்வெட்டும் எந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தவன் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டான்.

"நிஜமாவே விட்டியா? யோவ், 'நான் இனிமே வரமாட்டேன்'னு சொல்லாதவன் இந்த ஊர்ல எவன்யா இருக்கான்? நானே மூணு வாட்டி சொல்லியிருக்கேன். நீ நாலு வாட்டி. அன்னிக்கு நம்ம கிக்கரை வேற அணிக்கு வித்தப்ப டிவியையே தூக்கிக் குப்பைல போட்டே. மறுநாள் போய் எடுத்துட்டு வந்தியே!"

"எழுதிக் குடுத்தா டாரில்."

"மீன் திங்கிற பேப்பர்ல!"

இருபத்திரண்டு வருஷம் அந்த வரிசையில் உட்கார்ந்தவன் நான். இது தெரியாதா எனக்கு? தெரியும். தெரிந்தேதான் செய்தேன். லாசிட்டரை முட்டாள் என்று எழுதியிருக்கிறேன், இந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே. அவனாவது கம்ப்யூட்டர் சொல்லிக் கேட்டான்.

மே 24, சனி

சொல்லிவிட்டேன். அவள் வீட்டு வாசல்படியில் நின்றபடியே. உள்ளே வா என்று அவள் சொல்வதற்குள் சொல்லிவிட்டேன்.

முதலில் சிரித்தாள், விளையாடுகிறேன் என்று நினைத்து. காகிதத்தைக் காட்டினேன். ஏன் காட்டினேன்? மடையன். அதைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போயிற்று.

"இதை வெச்சிருந்தியா? ரெண்டு மாசமா?"

"நீதானே கானி—"

"நான் என்ன சொன்னா என்ன? தோத்த கோபம், அவன் போன கோபம், கத்தினேன். நீ கத்தினதே இல்லையா? நான் என்னிக்காவது உன் கத்தலை எடுத்து உன் தலையில கட்டியிருக்கேனா?"

பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுதாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு நான் வெளியே போன அன்றுகூட அவள் அழவில்லை; வண்டிச் சாவியை மறந்துவிட்டாய் என்று எடுத்துக் கொடுத்தாள்.

"உன் பக்கத்துல உட்காரணும்னு நான் வந்தேன்னு நினைச்சியா ஜெரி?"

என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும்.

"ஐயோ கடவுளே. நினைச்சிருக்கே! வாரம் பூரா ஆஸ்பத்திரில சாகக் கிடக்கிறவங்களுக்குத் தலையணை மாத்திப் போடறேன். குரலை உசத்தக் கூடாது, காலடிச் சத்தம் கேக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் தொண்டை கிழியக் கத்துவேன். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். ஹாலரனும் இல்ல, நீயும் இல்ல. அந்த சீட்!"

கதவைச் சாத்திக்கொண்டாள்.

மே 25, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 3, செவ்வாய்

வக்கீல் வைத்தால் அவள் ஜெயிப்பாள். தீர்ப்பிலேயே சீட் அவளுடையது என்று இருக்கிறது. டாரில் அவளிடம் சொல்லியே பார்த்தானாம். "ஜெயிச்சு என்ன பண்ண? சீட்டு வராதே" என்றாளாம்.

இத்தனை வருஷம் அவளுக்கு ஆட்டம் தெரியாது என்று சொல்லித் திரிந்தேன். ஜனவரி ஆட்டத்தை நேற்று மறுபடி போட்டுப் பார்த்தேன். ஹாலரன் எறிந்தது சரியாகத்தான் இருக்கிறது. பிடிக்க வேண்டியவன் தப்பான பக்கம் திரும்பியிருக்கிறான். அன்றே என் காதருகில் கத்தினாள், "அவன் திரும்பினதைப் பாரு, அவன் திரும்பினதைப் பாரு" என்று. நான் கோச்சைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

டிக்கெட் ஆபீஸ். நேரில் போனேன். என் பன்னிரண்டாம் சீட்டை வேறு பேருக்கு மாற்ற முடியுமா? முடியும்: ஒரே ஒரு தடவை, குடும்பத்தாருக்கு மட்டும், மாற்றினால் மாற்றினதுதான்.

கவுன்ட்டரில் இருந்தவன் மூர்ஹவுஸ் பேர் போட்ட பனியன் போட்டிருந்தான். ஆளே மூர்ஹவுஸ் வயசுதான் இருப்பான்.

"உறவு என்ன சார்?"

"மனைவி."

என் பேரையும் அவள் பேரையும் பார்த்தான். ஷிமான்ஸ்கி, ஷிமான்ஸ்கி. முத்திரை குத்தினான். அவள் சோம்பேறித்தனத்துக்கு நன்றி.

"உங்களுக்கு சீட் இல்லாம போயிடுமே, பரவாயில்லையா?"

"குத்திட்டே இல்ல? வாயை மூடு தம்பி" என்றேன். பாவம், நல்ல பையன்.

ஜூன் 27, வெள்ளி

கானியிடமிருந்து போன் இல்லை. கடிதம் அவளுக்குப் போயிருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

அவளிடமிருந்து ஒரு வரி, போனில்: 'வந்தது.' அவ்வளவுதான். நன்றி என்று எழுதியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பயிற்சி ஆட்டம். மூர்ஹவுஸ் பத்தில் மூன்றைச் சரியாக எறிந்தான். லாசிட்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கம்ப்யூட்டரைப் பார்க்கிறான். ரேடியோவில் இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்கிறார்கள். இந்த ஊருக்கு விமோசனமே கிடையாது.

செப்டம்பர் 14, ஞாயிறு

முதல் ஆட்டம். வீட்டில் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை எனக்கு வியர்க்கவும் இல்லை, குளிரவும் இல்லை. சோபாவில் அரை மணிக்கு ஒரு தடவை இடம் மாறி மாறி உட்கார்ந்தேன்.

ஜெயித்தோம், ஒரு புள்ளியில். எப்படி என்று அணிக்கே தெரியாது.

ஆட்டம் முடிந்ததும் டாரில் கூப்பிட்டான். பின்னால் ஒரே இரைச்சல், ஹாரன், பாட்டு.

"பதினோராம் சீட்டுக்கு ஒரு பல் டாக்டர் வந்திருக்கான்யா. பத்தொன்பது வருஷம் வரிசைல நின்னவன். உன்னைவிட ஆயிரம் மடங்கு தேவலாம். கானி சொல்றதைக் காது குடுத்துக் கேக்கறான்."

"மூர்ஹவுஸைப் பத்தி என்ன சொல்றா?" என்றேன்.

கேட்ட பிறகுதான் உறைத்தது. இப்படி ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை, கல்யாணமான காலத்தில்கூட.

"நீயே கேளேன். அடுப்புகிட்டதான் நிக்கிறா" என்று போனைக் கொடுத்துவிட்டான்.

"பார்த்தியா?" என்றாள். குரல் கட்டிப் போயிருந்தது, கத்திக் கத்தி.

"பார்த்தேன். நீ சொல்லு."

சொன்னாள். பையனுடைய கால் வைப்பில் ஆரம்பித்து, லாசிட்டர் எடுத்த ஒவ்வொரு முடிவையும் ஒவ்வொன்றாக, பதினோரு நிமிடம். நடுவில் சாசேஜ் கருகுகிறது என்று யாரையோ திட்டினாள். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆட்டத்தின் மூன்றாவது கால் பகுதியைப் பற்றி அவள் சொன்னது சுத்தத் தப்பு. நான் அதைச் சொல்லவில்லை.