வின்னிபெக் குளிரும் கிளாரினெட் கீச்சும்

செம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

சிரஞ்சீவி நிகிலுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வெளியே போய், சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். இந்தக் காலத்தில் அம்மாவுக்கு என்ன காகித வேலை என்று சிரிப்பாய். போனில் எதைச் சொன்னாலும் ஓகேம்மா ஓகேம்மா என்று வைத்துவிடுகிறாய், டைப் பண்ணி அனுப்பினால் மெஷினிடம் கொடுத்து இங்கிலீஷில் படித்துவிடுகிறாய். என் கையெழுத்து எந்த மெஷினுக்கும் புரியாது. நீதான் எழுத்துக்கூட்டிப் படித்தாக வேண்டும், அவ்வளவு நேரமாவது என்னோடு இருப்பாய். எழுதி முடித்ததும் அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார்.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, நேற்று மாட்டுங்கா போய் வாழைப்பூவும் சேனையும் வாங்கி வந்தார், இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு என்றால் பழக்கதோஷம் என்கிறார். பில்டிங் முழுக்க மூங்கில் கட்டி பெயிண்ட் அடிக்கிறார்கள், ஜன்னலைத் திறக்க முடியவில்லை. கீழ்வீட்டு அனந்தநாராயணன் மாமாவை லிஃப்டில் பார்த்தேன். நீ ஸ்கூல் பேண்டுக்காகக் கிளாரினெட் பிராக்டிஸ் பண்ணும்போதெல்லாம் விளக்குமாற்றுக் கட்டையால் சீலிங்கைத் தட்டுவாரே, அவர்தான். உங்க பிள்ளை போனப்புறம்தான் மத்தியானம் செத்த கண்ணசர முடியறது என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் சுருக்கென்றது. உமக்குத் தூக்கம் வருகிறது, எங்களுக்கு வரவில்லையே என்று வாய்வரை வந்ததை முழுங்கிக்கொண்டு மாடிக்கு வந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிளாரினெட்டில் கீச்சு கீச்சென்று வருகிறது, அங்கே நீ சேர்ந்திருக்கும் பேண்ட் மாஸ்டர் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டார், வியாழக்கிழமை போய் நான் விலகிக்கொள்கிறேன் என்று சொல்லப்போகிறேன் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கு எதிலும் மனசு ஓடவில்லை. உனக்கு வாத்தியம் போய்விடுமே என்ற கவலை இல்லை கண்ணா. ஆபீஸ் விட்டால் ரூம், ரூம் விட்டால் ஆபீஸ் என்று இருக்கிறாய், அந்த ஊரில் நீயாகப் போய் நாலு மனுஷரோடு உட்காருவது அந்த பேண்டில் மட்டும்தான். அதையும் விட்டுவிட்டால் சனி ஞாயிறு உன்னோடு பேச யார் இருக்கிறார்கள் என்று யோசித்தால் எனக்குப் பகீரென்கிறது.

நான் வாசித்ததில்லை, ஆனால் நீ பழகின அத்தனை வருஷமும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள். ஊதுகிற இடத்தில் மாட்டும் அந்த ரீடு காய்ந்திருந்தால் கத்தும், வாயில் வைத்து நன்றாக ஈரமாக்கிக்கொள். நுனியில் துளி உடைந்திருந்தாலும் தூக்கிப் போடு, உனக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது என்று தெரியும், இதைப் போடு. பயம் வந்தால் நீ பல்லைக் கடிப்பாய், பரீட்சை ஹாலிலும் அப்படித்தான், கடித்தால் ரீடுக்கு மூச்சு முட்டும். விரல் ஓட்டையை முழுசாக மூடுகிறதா என்று பார், குளிரில் விரல் விறைத்திருக்கும், கையைச் சூடுபண்ணிக்கொண்டு வாசி. இதெல்லாம் உனக்கும் தெரியும், பார்த்துவிட்டேன் என்பாய். ஆனால் ஆரம்பத்தில்தான் கத்துகிறது, வாசிக்க வாசிக்கச் சரியாகிவிடுகிறது என்று நீ சொன்னது என் தலையில் சுற்றிக்கொண்டே இருந்தது. இந்த வாரம் இங்கேயும் அதிசயமாகக் குளிர். காலையில் தலைக்கு வைக்கப் போனால் தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. பால்கனி வெயிலில் வைத்துவிட்டு அது உருகுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், சட்டென்று புரிந்தது. நம் வீட்டில் கதவுக் கீலுக்கும் அதுதான், தையல் மெஷினுக்கும் அதுதான், உன் கிளாரினெட்டில் ஓட்டையை மூடுகிற கீக்கும் அப்பா ஒரு சொட்டு விடுவார். நேற்று அப்பாவை விட்டு உன்னைக் கேட்கச் சொன்னேன், வீட்டு எண்ணெய்தான் போடறேன் என்றாயாம். நம்மைப் போலப் பாலக்காட்டுக்காரர்களைத் தவிர உலகத்தில் எவனாவது அந்த ஊர்க் குளிரில் வாத்தியத்துக்குத் தேங்காயெண்ணெய் போடுவானா? அது உறைந்து கீ எல்லாம் ஒட்டிக்கொள்ளும், ஓட்டை சரியாக மூடாது, காற்று ஒழுகும், கத்தாமல் என்ன செய்யும். மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, அதற்கென்று கடையில் விற்கும் எண்ணெயைப் போடு. நீயே கழற்றாதே, அங்கே ரிப்பேர் பார்ப்பவரிடம் கொடு.

போன வாரம் வீடியோவில் வாசித்துக் காட்டினாயே, உன் விரல் ஓடுகிறது, கண்ணை மூடிக்கொள்கிறாய், ஒரு சத்தமும் வரவில்லை. தேவையில்லாத சத்தம் என்று போனே அதை வெட்டிவிடுகிறதாம், அப்பா சொன்னார். தேவையா இல்லையா என்று அது யார் சொல்வதற்கு? நீ முடித்துவிட்டு எப்படிம்மா இருந்தது என்றாய், ரொம்ப நன்றாக இருந்தது என்றேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் அது பொய் இல்லை. ஆனால் கேட்க ஏங்கிப்போயிருக்கிறேன். கீச்சோடு கேட்டாலும் சரி.

உனக்கு எல்லா நன்மையும் வரட்டும், குருவாயூரப்பன் கூட இருக்கட்டும். மோருஞ்சாதத்தை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே சாப்பிடாதே. எண்ணெய் மாற்றியும் சரியாகவில்லை என்றாலும் வியாழக்கிழமை போய் உன் கடைசி வரிசையில் உட்கார். கீச்சென்று வந்தால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். பார்க்கட்டும். அந்த ஊரில் என் பிள்ளையைத் திரும்பிப் பார்க்க ஒரு மனுஷர் வேண்டும் நிகில், நானோ இங்கே இருக்கிறேன்.

உன் அம்மா,
பத்மஜா